போர்க்கைதி விமானிகள் பயன்படுத்திய தட்டுக் குறியீடு என்ன? அது நம்பிக்கையை எப்படிக் காத்தது?

பேசத் தடைவிதிக்கப்பட்ட கைதிகள், சுவரைத் தட்டியே எழுத்துகளை அனுப்பிக்கொள்ளும் முறைதான் தட்டுக் குறியீடு. ஆங்கில எழுத்துகளை ஐந்துக்கு ஐந்து கட்டங்களில் அடுக்கி ('கே'க்குத் தனி இடமில்லை, 'சி'யே போதும்), திரையரங்கில் முதலில் வரிசையையும் பிறகு இருக்கையையும் தேடுவதுபோல, முதல் தட்டல்களால் வரிசையையும் அடுத்த தட்டல்களால் அதிலுள்ள இடத்தையும் குறித்தார்கள்.

வியட்நாம் போரில், அமெரிக்க விமானப்படை விமானி ராபின்சன் ரைஸ்னர் 1965 செப்டம்பரில் சுட்டு வீழ்த்தப்பட்டு, 1973 பிப்ரவரி வரை வடவியட்நாமில் கைதியாக இருந்தார். அதில் மூன்றாண்டுகளுக்கு மேல் தனிமைச் சிறை. தனிமைச் சிறையின் உண்மையான நோக்கம், 'உனக்கென்று யாருமில்லை' என்று கைதியையே நம்பவைப்பதாகும். இரவில் சுவர்வழியே இரண்டு–இரண்டு, ஒன்று–இரண்டு, நான்கு–ஐந்து என்று தட்டல்கள் வரும்போது, அதாவது ஜி, பி, யூ என்று, 'கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாராக' என்ற வாழ்த்தின் முதலெழுத்துகள் வரும்போது, அந்தப் பொய் நிற்காது. ரைஸ்னரின் இறைநம்பிக்கை ஆழமானதுதான். ஆனால் அதைப் பகிர ஒரு வழி இருந்ததே அதை உயிரோடு வைத்தது என்பது என் கருத்து. 1971 பிப்ரவரியில், ஹனோயின் ஹோவா லோ சிறையில் தடையை மீறி வழிபாடு நடத்தியதற்காகக் காவலர்கள் அவரை இழுத்துச் சென்றபோது, மற்றவர்கள் தங்கள் தேசியகீதத்தை உரக்கப் பாடினார்கள்.

தட்டுக் குறியீட்டைப் பலர் மோர்ஸ் குறியீடு என்று நினைக்கிறார்கள். மோர்ஸுக்கு நீண்ட ஒலியும் குறுகிய ஒலியும் வேண்டும், சுவரில் தட்டினால் எல்லாம் ஒரே நீளமாகத்தான் கேட்கும் என்பதால் இது வேறு.