ஒரே மேய்ச்சலில் நான்கு குதிரைகள்: எது விளையாட்டு, எது வம்பு?

வாசகர் கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்களுக்கு 3 ஏக்கர் புல்தரை இருக்கிறது. இரண்டு வருடமாக ஒரு பெண் குதிரை, காயடித்த ஆண் குதிரை, 20 வயது தாண்டிய மட்டக்குதிரை மூன்றும் ஒன்றாக மேய்ந்து வருகின்றன. மூன்று வாரத்துக்கு முன் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற, காயடித்த 7 வயதுக் குதிரை ஒன்றை வாங்கி அவற்றோடு விட்டோம். அதுவும் பழைய ஆண் குதிரையும் கடித்துக்கொண்டும் முன்காலைத் தூக்கி எகிறிக்கொண்டும் இருக்கின்றன. மட்டக்குதிரையை மட்டும் புதுக்குதிரை வேலி மூலை வரை விரட்டுகிறது. மட்டத்தின் பின்தொடையில் கடிகாயம். விளையாட்டு என்று விட்டுவிடலாமா, பிரிக்க வேண்டுமா?

பதில்: இங்கே நடப்பது ஒன்றல்ல, இரண்டு. ஆண் குதிரைகள் இரண்டும் செய்வது பெரும்பாலும் விளையாட்டு. மட்டக்குதிரைக்கு நடப்பது விளையாட்டே அல்ல. இன்றைக்கே மட்டத்தையும் பெண் குதிரையையும் ஒரு பக்கம் பிரித்து விடுங்கள். மட்டத்தைத் தனியாகக் கொட்டகையில் அடைக்க வேண்டாம். தனிமையில் குதிரை தீவனத்தை விட்டுவிடும். வயதான குதிரை இன்னும் சீக்கிரம் இளைக்கும்.

விளையாட்டில் முறை மாறும். இப்போது விரட்டியது அடுத்த நிமிடம் விரட்டப்படும். காது முன்னோக்கியோ தளர்ந்தோ இருக்கும். கடி முகத்திலும் கழுத்திலும் முன்காலிலும் விழும். ஒன்று விலகிப் போனால் மற்றது விட்டுவிடும், சற்று நேரத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்திலேயே மேயும். ஆண் குதிரைகள் காயடித்த பிறகும் இப்படி முரட்டுத்தனமாகத்தான் விளையாடும். பார்க்கப் பயமாக இருந்தாலும் தடுக்கத் தேவையில்லை.

வம்பில் விரட்டுவது எப்போதும் ஒரே குதிரைதான். காது கழுத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும், தலை தாழ்ந்து கழுத்து பாம்பு போல நீளும், மூக்கோரம் சுருங்கும். எதிரி விலகிய பிறகும் துரத்தல் நிற்காது. காயம் இருக்கும் இடம் நல்ல சாட்சி: பின்தொடை, விலா, வால் அடி என்று உடம்பின் பின்பாதியில் இருந்தால், அது ஓடும்போது பட்ட காயம். காயமே இல்லாமலும் வம்பு நடக்கலாம். மற்றவை நிழலில் நிற்க, ஒன்று மட்டும் வெயிலில் நிற்கிறதா, தண்ணீருக்குக் கடைசியாக வருகிறதா, கவனியுங்கள். தீவன நேரத்தில் 20 நிமிடம், கேட்டைத் திறக்கும்போது 10 நிமிடம், மூன்று நாள் நின்று பார்த்தாலே யார் யாரை எங்கே தள்ளுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அந்த ‘எங்கே’தான் முக்கியம். புதுக்குதிரையைக் கெட்ட குதிரை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பந்தயக் குதிரை சிறு வயதிலிருந்தே தனித்தனி லாயத்தில் வளர்வது. அதன் தீவனம் அதன் முன்னாலேயே வந்துவிடும், யாரோடும் பங்கு போட வேண்டியிருக்காது. காதை மடக்கிக் காட்டினாலே போதும், கடிக்க வேண்டியதில்லை என்கிற கூட்டத்துப் பழக்கத்தை அது இப்போதுதான் கற்கிறது. கற்கும்வரை சண்டைக்கான காரணங்களை நாம்தான் குறைத்துக் கொடுக்க வேண்டும். என் கணிப்பில் உங்கள் திடலில் மூன்று காரணங்கள் இருக்கும்: போதாத புல், ஒரே தண்ணீர்த் தொட்டி, வேலி மூலை.

முதலில் புல். குதிரை நாள் முழுக்கக் கொறிக்கும் பிராணி. வயிறு வெறுமையாக இருக்கும் நேரம் நீள நீளச் சண்டையும் கூடும். 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவிகிதம், அதாவது 7 முதல் 9 கிலோ உலர்ந்த எடையில் புல் வேண்டும். பச்சை நேப்பியர் புல்லில் பெரும்பகுதி தண்ணீர். ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருள் என்று வைத்துக்கொண்டால், வெட்டிப் போடும் பச்சைப்புல் மட்டும் 35 முதல் 45 கிலோ ஆகிறது. நம் ஊர் 3 ஏக்கர் திடல் நான்கு குதிரைகளுக்கு ஆண்டு முழுதும் இவ்வளவு தராது; லாலான் புல் ஏறியிருந்தால் பச்சையாகத் தெரிந்தாலும் தின்ன ஒன்றுமிருக்காது. (நேப்பியரை மட்டுமே நம்பவும் வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. நாளடைவில் முக எலும்பு வீங்கும். காய்ந்த புல்லும் கலந்து கொடுங்கள், சுண்ணாம்புச் சத்து எவ்வளவு சேர்ப்பது என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.)

புல்லை ஒரே குவியலாகக் கொட்டாதீர்கள். நான்கு குதிரை என்றால் ஆறு குவியல். ஒன்றுக்கொன்று 10 மீட்டர் இடைவெளி, வேலியிலிருந்து 5 மீட்டராவது உள்ளே. வரிசையாகப் போட்டால் ஒரு குதிரை நடுவில் நின்று இரண்டு பக்கமும் காவல் காக்கும், அதனால் வட்டமாகப் போடுங்கள். இரண்டு குவியல் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பெரியது சிறியதைத் தள்ளினாலும், தள்ளப்பட்டது சண்டை போடாமல் அடுத்த குவியலுக்கு நகர்ந்துவிடும். தானியமும் தீவன உருண்டையும் திடலுக்குள் போகவே கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டி, எல்லாம் தின்று முடித்த பிறகு ஒன்றாக அவிழ்த்து விடுங்கள். வாளியோடு குதிரைகளுக்கு நடுவே நடந்து போவதால் உதைபடுவது பல சமயம் மனிதர்தான்.

தண்ணீருக்கு இரண்டு தொட்டி, இரண்டு இடத்தில், எதுவும் மூலையில் வேண்டாம். ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் குடிக்கும், நம் வெயிலில் அதற்கு மேலும் குடிக்கும். தொட்டிக்குப் போகப் பயப்படும் குதிரைக்கு வயிற்றுவலி வருவது இப்படித்தான்.

அடுத்தது மூலைகள். ஓட வழியிருக்கும் குதிரை ஓடித் தப்பிக்கும். வழியடைந்தால் உதை வாங்கும், அல்லது வேலி மேல் பாயும். ஒவ்வொரு மூலையிலும் 3, 4 மீட்டர் தள்ளி ஒரு மரக்கழியைக் குறுக்கே கட்டி மூலையை மழுக்கிவிடுங்கள். கொட்டகைக்கு ஒரே வாசல் இருந்தால் அதுவும் மூலைதான்: ஒரு பக்கச் சுவரை முழுவதுமாகத் திறந்துவிடுங்கள், அல்லது இரண்டாவது வாசல் வையுங்கள். முள்கம்பி வேலியானால் அதை மாற்றும்வரை குதிரைகளைச் சேர்த்து விடவே கூடாது. மாட்டுக்குப் போதுமான முள்கம்பி, ஓடிவரும் குதிரையின் தொடையைக் கிழித்துவிடும். அகலப் பட்டை மின்வேலி நல்லது. மேல் பட்டை 1.3 மீட்டர் உயரத்தில் வரட்டும். அடியில் கொடியும் லாலானும் வளர்ந்து பட்டையைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கி வேலி செத்துவிடும், ஆகவே வாரம் ஒருமுறை வெட்டுங்கள். தோட்டத்துக் கால்வாய் பக்கமாகப் போனால் வேலியை அதிலிருந்து 3 மீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்கள்.

இதையெல்லாம் சரிசெய்யும் பத்து நாளும் ஜோடிகள் தனித்தனியே இருக்கட்டும்: ஒரு பக்கம் மட்டமும் பெண் குதிரையும், மறுபக்கம் ஆண் குதிரைகள். நடுவே 3 மீட்டர் இடைவெளியில் இரட்டை வேலி. பார்க்கலாம், தூரத்திலிருந்து வாடை பிடித்துப் பழகலாம், கடிக்க முடியாது. இந்த நாட்களில் புதுக்குதிரையின் பின்கால் லாடத்தைக் கழற்றச் சொல்லுங்கள். லாடக்கால் உதைக்கும் வெறுங்கால் உதைக்கும் உள்ள வித்தியாசம் எலும்பு முறிவா, வீக்கமா என்பதுதான். தலையில் மாட்டிய நைலான் பட்டையையும் கழற்றிவிடுங்கள், எகிறும்போது குளம்பு அதில் மாட்டும்.

பிறகு மழையில்லாத ஒரு காலையில், எல்லாம் வயிறாரத் தின்ற பின் வேலியைத் திறங்கள். ஈரச் செம்மண்ணில் வேண்டவே வேண்டாம், வழுக்கினால் கால் போகும். முதல் நாள் 2 மணி நேரம், கூடவே நின்று. ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதல் அரை மணி ஓட்டமும் கத்தலும் இருக்கும். சண்டையில் குறுக்கே போகாதீர்கள், சாட்டையும் எடுக்காதீர்கள். சத்தம் கொடுத்து, கேட்டைத் திறந்து, துரத்தப்படுவதற்கு வழிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகப் பாருங்கள். புதுக்குதிரை பெண் குதிரையைத் தன் பக்கமாக ஓட்டி ஒதுக்கிக்கொண்டு, மட்டம் அதனருகே வரும்போது மட்டும் பாய்கிறதா? அப்படியானால் இது தீவனத் தகராறு இல்லை. ஒரு விதை வயிற்றுக்குள்ளேயே தங்கி, காயடித்ததாக விற்கப்பட்ட குதிரையும் இப்படி நடந்துகொள்ளும். இரத்தப் பரிசோதனையில் தெரியும். பரிசோதனையில் ஒன்றும் இல்லாவிட்டாலும், பெண் குதிரையைப் புதியதோடு சேர்க்கும் எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது. திடீரென மூர்க்கமான குதிரைக்குப் பல், முதுகு, இரைப்பைப் புண் என்று எங்காவது வலியும் இருக்கலாம். மட்டத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலியோ கண்பார்வைக் குறைவோ இருந்தால், எச்சரிக்கையைப் பார்த்து விலகத் தெரியாமல் அடி வாங்கும்.

கடிகாயத்தை, கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு கரைத்துக் கழுவுங்கள். காலையும் மாலையும் பாருங்கள், நம் ஊர் ஈரத்தில் புண்ணில் ஈ முட்டையிட்டுச் சீக்கிரமே புழு வைத்துவிடும். தசைமேல் பட்ட சிறு கடி ஆறிவிடும். முழங்காலுக்குக் கீழேயோ மூட்டுக்கு அருகேயோ உதைக்காயம் இருந்தால், சிறிதாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். எலும்பில் மெல்லிய கீறல் இருந்து, இரண்டு நாள் கழித்து முறிவதுண்டு. இசிவு நோய் (டெட்டனஸ்) தடுப்பூசி நான்குக்கும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சேர்த்து இரண்டு வாரமான பிறகும் மட்டத்தின் பின்பாதியில் புதுக்காயம் வந்தாலோ, முன்காலுக்குப் பின்னே நெஞ்சைச் சுற்றி எடுத்த அளவு குறைந்தாலோ, முயற்சியை நிறுத்துங்கள். வேலியை நிரந்தரமாக்கி, ஜோடிக்கு ஒன்றரை ஏக்கர் விடுங்கள். 20 வயது தாண்டிய குதிரைக்குப் புதியவனோடு பழகியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை.