ஸ்டுட்கார்ட்டில் 1,500 யூரோ கேட்கிறார்களே, ஏமாற்றா?

கேள்வி: என் மகனுக்கு ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று சொல்லித்தான் கன்சல்டன்சிக்காரர் பணம் வாங்கினார். அனுமதிக் கடிதத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ என்று போட்டிருக்கிறது. இது ஏமாற்றா? அந்த நாட்டைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும்? (வாசகர், திருச்சி)

பதில்: கடிதத்தில் இருப்பது சரிதான். உங்களிடம் தவறாகச் சொன்னவர் கன்சல்டன்சிக்காரர்.

ஜெர்மனி 16 மாநிலங்கள் சேர்ந்த கூட்டாட்சி. 1949-இல் வந்த அரசமைப்புச் சட்டம் கல்வியை மாநிலங்கள் கையில் விட்டுவிட்டது. பள்ளிப் பாடத்திட்டம் முதல் பல்கலைக்கழகக் கட்டணம் வரை மாநிலம் வைத்ததுதான் சட்டம். ஸ்டுட்கார்ட், தென்மேற்கே பிரான்ஸையும் சுவிட்சர்லாந்தையும் ஒட்டிய பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் தலைநகர். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் இந்த மாநிலம் 2017-இன் குளிர்காலப் பருவத்திலிருந்து இந்தத் தொகையை வாங்குகிறது. ஹைடல்பெர்க், கார்ல்ஸ்ரூ, ஃப்ரைபுர்க் என்று அந்த மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் இதே கதைதான். இரண்டு வருடப் படிப்புக்கு 6,000 யூரோ. மாணவர் சேவைகளுக்காக எல்லா மாணவர்களும் கட்டும் செமஸ்டர் சந்தா தனி. பணம் கட்டாமல் சேர்க்கைப் பதிவு நடக்காது.

அடுத்து, "மியூனிக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அது வேறு மாநிலம், இலவசம்" என்று யாராவது வருவார்கள். கவனம். மியூனிக் இருப்பது பவேரியாவில். அந்த மாநிலம் எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்று வைக்கவில்லை. வெளிநாட்டு மாணவரிடம் வாங்குவதா வேண்டாமா என்பதை 2023 முதல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவு செய்யலாம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-இன் குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலைப் படிப்புக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. அதே ஊரின் இன்னொரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்தக் கணக்கு பொருந்தாது. ஆகவே மாநிலத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் அந்தப் படிப்புக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இடைத்தரகர்கள் விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். தனியார் கல்லூரிகள் ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் தருகின்றன. அதனால்தான் பல கன்சல்டன்சிகள் வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் பிடுங்கும் பெர்லின் தனியார் கல்லூரிகளை முன்னே தள்ளுகின்றன. பல அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு, வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பொதுச் சேவையான யூனி-அசிஸ்ட் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்: முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. இதையும் உங்கள் பையனே செய்யலாம். விசாவுக்கு முன் வேண்டிய ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு (நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது) 18,000 ரூபாய். பிளாக்டு அக்கவுண்ட்டில், அதாவது மொத்தமாகப் போட்டு மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், இப்போது 11,904 யூரோ காட்ட வேண்டும். மாதம் 992 என்று விடுவிப்பார்கள். அது சாப்பாட்டுக்கும் வாடகைக்கும். கல்விக் கட்டணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஸ்டுட்கார்ட் மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊர்; நகரத்துக்குள்ளேயே திராட்சைத் தோட்டங்கள் உண்டு. மெர்சிடிஸ், போர்ஷ், போஷ் எல்லாம் அங்கே இருப்பதால் வாடகை அதிகம். மாணவர் விடுதிக்கு இன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்பவர் மோசடிக்காரர், சந்தேகமே வேண்டாம். முன்பணம் மூன்று மாத 'கால்ட்' வாடகையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். 'கால்ட்' என்றால் வெப்பமூட்டல் போன்ற செலவுகள் சேராத வாடகை. முன்பணத்தை மூன்று தவணையாகக் கட்டவும் உரிமை உண்டு. முகவரிப் பதிவுக்கு (இந்த வீட்டில் குடியிருக்கிறேன் என்று நகர அலுவலகத்தில் பதிவது) கையெழுத்துப் போட மறுக்கும் வீட்டுக்காரரிடம் வீடே எடுக்க வேண்டாம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அந்தப் பதிவைச் செய்ய வேண்டும். அது இல்லாமல் மற்ற வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும்.

அந்தப் பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டண்ட் என்றோ எழுதினால், பிற்பாடு வேலைக்குப் போய் வருமான வரி கட்டும்போது அந்த வரியில் 8 சதவீதம் திருச்சபை வரியாகச் சேரும். தெரிந்தே எழுதட்டும்.

அங்குள்ள சுவாபிய மக்கள் உழைப்பாளிகள், சிக்கனக்காரர்கள், சுத்தம் பார்ப்பவர்கள். வீட்டுக் கதவில் 'கேர்வோகே' என்ற அட்டை தொங்கினால், அந்த வாரம் மாடிப்படியைப் பெருக்கித் துடைப்பது உங்கள் பையன் முறை. தவறினால் பக்கத்து வீட்டார் நேராகக் கேட்டுவிடுவார்கள். ஞாயிறன்று கடைகள் பூட்டியிருக்கும். சனிக்கிழமையே அரிசி, காய்கறி வாங்கிவிட வேண்டும்.

கடைசியாக, குடியிருப்பு அனுமதி தரும் வெளிநாட்டவர் அலுவலகம். இவ்வளவு பணக்கார நாட்டில் ஓர் அப்பாயிண்ட்மென்ட்டுக்கு மாணவர்களை மாதக்கணக்கில் காக்க வைப்பது அநியாயம். விசா முடியும் தேதிக்கு முன்பே குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் முடிவு வரும்வரை அங்கே தங்குவது சட்டப்படி செல்லும். அனுப்பிய மின்னஞ்சல், வந்த பதில், தேதியோடு இரண்டையும் அச்செடுத்து பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கட்டும்.