அம்மாவுக்கே காய்ச்சல், குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் நிறைய, புதிதாகப் பிள்ளை பெற்ற வீடுகளிலிருந்து வந்தவை. எல்லாம் தாய்ப்பாலைச் சுற்றியே இருப்பதால் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சிசேரியனில் குழந்தை பிறந்து இரண்டு நாள் ஆகிறது. மஞ்சளாகச் சில சொட்டுதான் வருகிறது. பால் ஊறும்வரை பவுடர் பால் கொடு என்கிறார்கள். குழந்தையும் அழுதுகொண்டே இருக்கிறது. என்ன செய்ய?

அந்த மஞ்சள் சொட்டுதான் பால். சீம்பால் முதல் சில நாட்களுக்கு அப்படித்தான் வரும், கெட்டியாக, கொஞ்சமாக. முதல் நாளில் ஒரு வேளைக்குச் சில மில்லி கிடைத்தாலே பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் போதும். வயிற்றை நிரப்புவது மட்டும் அதன் வேலை இல்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் ரத்தத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் ஐஜிஏ என்று இன்னொன்று இருக்கிறது, அது நஞ்சுக்கொடியைத் தாண்டாது, குழந்தையின் உடம்பும் முதல் வாரங்களில் அதைப் போதுமான அளவு செய்யாது. வாய், தொண்டை, குடல் என்று கிருமி நுழைகிற பாதைகளின் உட்புறத்தில் நின்று, கிருமி ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பது இந்த ஐஜிஏதான். அது செறிந்து இருப்பது சீம்பாலில். கூடவே உயிருள்ள வெள்ளணுக்களும், பாக்டீரியா வளரத் தேவையான இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லாக்டோஃபெரினும் இருக்கின்றன. தயவுசெய்து ஒரு சொட்டையும் பிழிந்து ஊற்றிவிடாதீர்கள்.

அழுகை எல்லாமே பசி அல்ல. குழந்தையின் சட்டையைக் கழற்றி, டயப்பரோடு உங்கள் வெற்று மார்பின் மேல் படுக்கவைத்துக்கொள்ளுங்கள், பாதி அழுகை அதிலேயே அடங்கும், பால் ஊறவும் அது உதவும். சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் பெருகுவது ஒன்றிரண்டு நாள் தள்ளிப் போவது உண்டு. ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை சப்பவிடுங்கள், இரவிலும்தான். சப்பச் சப்பத்தான் சுரக்கும், குறைவாக வருகிறதே என்று இடைவெளி விட்டால் இன்னும் குறையும்.

போதுமா இல்லையா என்பதை மார்பைப் பார்த்து முடிவு செய்யாமல் டயப்பரையும் எடையையும் பாருங்கள். ஐந்தாம் நாள் வாக்கில் 24 மணி நேரத்தில் 6 முறையாவது சிறுநீர் போக வேண்டும். பிறந்த எடையில் கொஞ்சம் குறைவது இயல்பு, 10 சதவீதத்தை நெருங்கினால் அது கவனிக்க வேண்டிய விஷயம். குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்குகிறது, சப்பவே மறுக்கிறது, மஞ்சள் நிறம் கூடிக்கொண்டே போகிறது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பார்த்துவிட்டு அவர் கூடுதல் பால் வேண்டும் என்று சொன்னால் கொடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள் என்பதற்காக மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மூன்று வாரக் குழந்தை. எனக்குக் காய்ச்சல், சளி, இருமல். குணமாகும்வரை பால் கொடுக்காதே என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். சரியா?

சரியில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் நடப்பது நேர் எதிர். உங்களுக்குக் காய்ச்சல் அடிப்பதற்கு முன்பே, ஒன்றிரண்டு நாளாக அந்தக் கிருமி உங்கள் மூச்சுக்காற்றிலும் கையிலும் இருந்திருக்கும், குழந்தையும் உங்கள் மடியில்தான் இருந்திருக்கும். இப்போது பாலை நிறுத்தினால் கிருமி போகாது, அதற்கான மருந்துதான் நிற்கும்.

எப்படி என்று கேட்டால், உங்கள் குடலிலும் மூச்சுப்பாதையிலும் ஒரு கிருமி நுழைந்ததும் அதை அடையாளம் கண்டுகொண்ட வெள்ளணுக்களில் ஒரு பகுதி ரத்தத்தில் கிளம்பி மார்பகத்துக்கு வந்து தங்குகின்றன. அங்கே உட்கார்ந்து அந்தக் கிருமிக்கென்றே ஐஜிஏ தயாரிக்கின்றன. அது பாலில் இறங்குகிறது. ஆக, உங்கள் வீட்டில், உங்களைச் சுற்றி இந்த வாரம் உலவுகிற கிருமி எதுவோ அதற்கான எதிர்ப்பு இந்த வாரப் பாலில் இருக்கும். இதை எந்த டப்பாவிலும் அடைத்துத் தர முடியாது, அதனால்தான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு அழுத்தமாகப் பதில் எழுதுகிறேன்.

கிருமி பரவுவது உங்கள் மூச்சிலும் கையிலும்தான். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பாரசிட்டமால் பால் கொடுக்கும் தாய்க்குப் பாதுகாப்பானது. வேறு மாத்திரை எழுதுகிற டாக்டரிடம் 'பால் கொடுக்கிறேன்' என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தாலும் கொடுக்கலாம், சட்டென்று நிறுத்தினால்தான் வீக்கம் கூடும்.

நிறுத்த வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு, ஆனால் அவை சிலவே: புற்றுநோய்க்குக் கீமோதெரபி, கதிரியக்க அயோடின் சிகிச்சை, மார்பில் ஹெர்பஸ் புண் இருக்கும் பக்கம், குழந்தைக்கு கேலக்டோசீமியா என்ற பிறவிக் கோளாறு. காசநோய், எச்ஐவி இருப்பவர்கள் தங்கள் டாக்டரின் வழிகாட்டலோடு முடிவெடுக்க வேண்டும். சளிக்காய்ச்சல் இந்தப் பட்டியலில் கிடையாது.

கேள்வி: தாய்ப்பாலில் குழந்தையால் ஜீரணிக்கவே முடியாத சர்க்கரை இருக்கிறதாமே? அது எதற்கு?

அருமையான கேள்வி. ஆலிகோசாக்கரைடு என்று பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, தண்ணீரை விட்டுவிட்டுப் பார்த்தால் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்து தாய்ப்பாலில் அதிகம் இருப்பது இதுதான். குழந்தைக்கு ஜீரணமாகாது, உண்மை. ஏனென்றால் இது குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கான சாப்பாடு. பிஃபிடோபாக்டீரியா என்ற இனம் இதைத் தின்று பெருகி, குடலை அமிலத்தன்மையோடு வைத்து, கெட்டவை காலூன்ற இடமில்லாமல் செய்கிறது. இன்னொரு வேலையும் உண்டு. குடல் சுவரில் கிருமிகள் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களும் சர்க்கரை மூலக்கூறுகளால் ஆனவை. பாலில் மிதக்கும் இந்தச் சர்க்கரைகளில் சில அதே உருவத்தில் இருப்பதால், கிருமி இதைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடுகிறது. கிருமியின் கண்ணிலேயே மண்ணைத் தூவும் ஏற்பாடு!

கேள்வி: இவ்வளவு எதிர்ப்பு சக்தி பாலிலேயே கிடைக்கும்போது தடுப்பூசியைத் தள்ளிப் போடலாமா? (ஒரு அப்பா)

கூடாது. ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். பாலில் வரும் ஐஜிஏ குடலின் மேற்பரப்பில் நின்று காக்கிறதே தவிர, ரத்தத்துக்குள் பெரிதாகப் போவதில்லை, பால் நின்றால் அதுவும் நிற்கும். நஞ்சுக்கொடி வழியாக வந்த ஐஜிஜியும் சில மாதங்களில் கரைந்துவிடும். இரண்டுமே அம்மாவிடம் வாங்கிய கடன். குழந்தையின் உடம்பு தானாகக் கற்றுக்கொண்டு நினைவில் வைத்துக்கொள்வது தடுப்பூசியால்தான். ஊசி போடும்போது பால் கொடுத்துக்கொண்டிருந்தால் வலி குறைகிறது, அப்படிச் செய்யச் சொல்லுங்கள். அப்புறம், நீங்களும் உங்கள் தடுப்பூசிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், சிகரெட் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அப்பா செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது.

கேள்வி: பேத்திக்கு இரண்டு மாதம். வெயில் கொளுத்துகிறது. கொஞ்சம் தண்ணீர் கொடுக்கலாமா?

வேண்டாம், அம்மா. தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அடிக்கடி பால் கொடுத்தாலே தாகம் தீரும். முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும், அப்புறம் மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையிலோ அதற்கு மேலோ என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் மகளோ மருமகளோ, பால் கொடுப்பவருக்கு அந்தத் தண்ணீரைக் கொடுங்கள்.

கேள்வி: 30 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். இன்குபேட்டரில் இருக்கிறாள். நேரடியாகப் பால் கொடுக்க முடியவில்லை. பம்ப் செய்து என்ன பிரயோஜனம் என்று அழுகை வருகிறது.

அழுங்கள், ஆனால் பம்பை நிறுத்திவிடாதீர்கள். நஞ்சுக்கொடி வழியாக வரவேண்டிய ஐஜிஜியில் பெரும்பகுதி கடைசி மாதங்களில்தான் வரும், உங்கள் மகளுக்கு அந்த மாதங்கள் கிடைக்கவில்லை. அதனால் மற்ற எந்தக் குழந்தையையும்விட அவளுக்குத்தான் உங்கள் பால் அதிகம் தேவை. குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகிப்போகும் நெக் என்ற ஆபத்தான நோய், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் குறைவாகவே வருகிறது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளைக்கு 8 முறையாவது எடுங்கள். முதலில் பாட்டிலின் அடிப்பாகம் மட்டும் நனைகிற அளவுக்கு வந்தாலும் அதை எடுத்துக்கொண்டு போய் நர்ஸிடம் கொடுங்கள், கன்னத்தின் உட்புறத்தில் சொட்டுச் சொட்டாகத் தடவச் சொல்லிக் கேளுங்கள். சேமித்து வைக்கும் விதத்தில் அந்த வார்டின் விதியைக் கடைப்பிடியுங்கள். உங்களுக்குப் போதவில்லை என்றால் தானமாகக் கிடைக்கும் தாய்ப்பாலைக் கேட்கலாம். அதை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் கொடுப்பார்கள். அதில் வெள்ளணுக்கள் மடிந்துவிடும், ஐஜிஏ கொஞ்சம் குறையும், ஆனால் மேலே சொன்ன ஆலிகோசாக்கரைடு அப்படியே இருக்கும்.

கேள்வி: எவ்வளவு முயன்றும் பாதிதான் தாய்ப்பால், மீதி பவுடர் பால். எல்லாம் வீண்தானா?

இல்லவே இல்லை. குடிக்கிற ஒவ்வொரு வேளைப் பாலிலும் ஐஜிஏ இருக்கிறது. முழுதாகக் கொடுத்தால் பலன் அதிகம், பாதி கொடுத்தாலும் பலன் உண்டு. பவுடர் பாலைக் கொதித்து ஆறத் தொடங்கிய, 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கரைத்து, பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து உடனே கொடுங்கள். பவுடரிலும் கிருமி இருக்கலாம் என்பதால்தான் இந்தச் சூடு. மிச்சத்தை வைத்திருந்து கொடுக்காதீர்கள். வைட்டமின் டி தாய்ப்பாலில் குறைவு, அதனால் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து குழந்தைக்குத் தேவையா என்று அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.