எரிச்சலூட்டுபவரை ஏன் நீக்க வேண்டும்?

கேள்வி: நாற்பதுக்கும் மேற்பட்ட வலைப்பதிவுகளையும் செய்தித்தளங்களையும் பின்தொடர்கிறேன். படித்து முடியவில்லை. என் கருத்துக்கு எதிராக எழுதி எரிச்சலூட்டுபவர்களை நீக்கிவிட்டு, நம்பகமானவர்களை மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன். முக்கியமான செய்தி எதுவானாலும் நண்பர்கள் வழியாக எப்படியும் வந்து சேர்ந்துவிடும் அல்லவா?

பதில்: குறைப்பது நல்லது, செய்யுங்கள். நாற்பது பேரைப் பின்தொடர்கிறவருக்குத் தலைப்புகளைத் தாண்டிப் போக நேரம் கிடைக்காது. ஆனால் நீங்கள் கையில் எடுத்திருக்கும் சல்லடை தவறானது. எரிச்சலூட்டுகிறவரையும் நம்பத்தகாதவரையும் ஒரே ஆளாக எண்ணிக் கேள்வி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கில் கழித்தால், உங்கள் தவறை உங்களுக்கு எடுத்துச்சொல்லக் கூடியவர்தான் முதலில் வெளியேறுவார். உங்கள் கருத்தையே அழகிய நடையில் திருப்பிச் சொல்லி, ஒரு சான்றும் காட்டாதவர் பத்திரமாக உள்ளே இருப்பார்.

ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் தொழிலைப் பற்றியோ, நீங்கள் ஆண்டுக்கணக்கில் அறிந்த வேறொன்றைப் பற்றியோ அந்தப் பதிவர் எழுதிய பழைய இடுகையைத் தேடிப் படியுங்கள். அதில் பிழை இருக்கலாம். எழுதுகிற எவருக்கும் வரும்; எனக்கும் வந்திருக்கிறது. யாராவது பின்னூட்டத்தில் அதைச் சுட்டிக்காட்டிய பிறகு அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். தேதி போட்டு, ‘முன்பு இப்படி எழுதியிருந்தேன், அது தவறு’ என்று இடுகையிலேயே திருத்தியிருந்தால் அவரை விடாதீர்கள். சத்தமில்லாமல் வரியை மாற்றியிருந்தாலோ, பின்னூட்டத்தை அழித்திருந்தாலோ, சுட்டிக்காட்டியவரை ஏசியிருந்தாலோ, அவர் உங்களுக்கு எவ்வளவு பிடித்தவராக இருந்தாலும் நீக்குங்கள். மூலத்துக்குச் சுட்டி கொடுக்கிறாரா என்பதும் முக்கியம். கொடுத்திருந்தால் ஒன்றிரண்டையாவது திறந்து படியுங்கள். சுட்டி இருக்கும், ஆனால் அவர் சொன்ன செய்தி அங்கே இருக்காது. இதைப் பலமுறை கண்டு நொந்திருக்கிறேன்.

அறிமுகமில்லாத தளம் என்றால் வேறு வழி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேர், தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், இளநிலை மாணவர்கள் 25 பேர் இணையத்தளங்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று கவனித்தார்கள். மாணவர்களும், படித்துத் தேர்ந்த வரலாற்றாசிரியர்களில் பலரும், தளத்தின் முத்திரையையும் பெயரையும் தோற்றத்தையும் நம்பி அங்கேயே நின்றுவிட்டார்கள். சரிபார்ப்பாளர்களோ உடனே வெளியேறி, புதிய சாளரங்களைத் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்களும் அவர்கள்தான். ‘எங்களைப் பற்றி’ பக்கத்தைத் தளத்துக்காரரே எழுதுகிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நண்பர்கள் வழியாக வரும் என்கிறீர்கள். இந்த நம்பிக்கைதான் எனக்குக் கவலை தருகிறது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்தித் தொடர்களை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி, 2018இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகமாக இருந்தது. தானியங்கிக் கணக்குகள் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பரப்பின. வித்தியாசத்தை உண்டாக்கியவர்கள் மனிதர்கள். பொய் புதுமையாக இருக்கிறது, வியப்பும் அருவருப்பும் ஊட்டுகிறது, கை தானாகப் பகிர்ந்துவிடுகிறது. உங்கள் நண்பர்கள் நல்ல மனத்தோடுதான் அனுப்புகிறார்கள். அந்தப் பொய்களை அனுப்பியவர்களில் பலரும் அப்படித்தான் அனுப்பியிருப்பார்கள்.

சமூக ஊடகப் பக்கத்தில் எது முதலில் தெரிய வேண்டும் என்பதை நிறுவனத்தின் நிரல் முடிவு செய்கிறது. நீங்கள் நின்று பார்ப்பதும் சொடுக்குவதும் அதற்குக் கணக்கு. செய்தியோடையில் அப்படியில்லை; நீங்கள் தேர்ந்த தளங்களின் புதிய இடுகைகள் அதில் நேரே உங்களிடம் வந்து சேரும். அவற்றை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டபோது செய்தியோடைகளின் காலம் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணினார்கள். முடியவில்லை. ஃபீட்லி, இனோரீடர் போன்ற ஓடைத் திரட்டிகள் இன்றும் இயங்குகின்றன. நீங்கள் சேர்த்தவர் மட்டுமே அங்கே வருவார். நீங்கள் நீக்கியவர் திரும்பி வரமாட்டார். தேதி வரிசையில் படிக்கலாம்.

நாற்பதில் பதினைந்தை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அந்தப் பதினைந்தில் நான்கு பேராவது உங்களுக்கு எரிச்சலூட்ட வேண்டும். ஆனால் சான்றோடு எழுதுபவர்களாக, தவறினால் திருத்திக்கொள்பவர்களாக இருக்க வேண்டும். நீக்க நினைத்தவர்களின் பழைய இடுகைகளை முதலில் சோதித்துப் பாருங்கள். எத்தனை பேர் தேறினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.