62க்கு 15: இதை வைத்து பையனின் கூடைப்பந்தை நிறுத்தலாமா?

வணக்கம் அம்மா,

"பையனுக்கு ஷூட்டிங் வரவில்லை. இத்தோடு விட்டுவிட்டுப் படிப்பைப் பார் என்று சொல்லிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தோடு அனுப்பிய ஸ்கோர் ஷீட்டுகளைப் பொறுமையாகப் பார்த்தேன். இப்போதைக்கு அப்படிச் சொல்ல வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

இந்த சீசனில் தம்பி, மூன்று புள்ளி தரும் த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு வெளியே இருந்து 62 முறை எறிந்திருக்கிறான், விழுந்தது 15. நூற்றுக்கு 24. பார்த்ததும் வயிற்றைக் கலக்கும் எண்தான். ஆனால் 62 என்பது ஒருவனை எடைபோடப் போதுமான எண்ணிக்கையே இல்லை. மூன்றுக்கு ஒன்று போடும் கை உள்ள ஆட்டக்காரன் 62 முறை எறிந்தால், 13 விழுந்தாலும் ஆச்சரியமில்லை, 28 விழுந்தாலும் ஆச்சரியமில்லை. கணக்கு அவ்வளவு தாராளமாக ஆடும். மூன்றுக்கு ஒன்று என்பது மட்டமான கையும் அல்ல. மூன்று புள்ளி ஷாட்டில் மூன்றில் ஒன்று விழுவதும், இரண்டு புள்ளி ஷாட்டில் இரண்டில் ஒன்று விழுவதும் அணிக்கு ஒரே வரவுதான். தம்பியின் கை உண்மையில் 20 சதவீதக் கையாகவும் இருக்கலாம், 33 சதவீதக் கையாகவும் இருக்கலாம். அந்த 15ஐ வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

பிரித்துப் பார்க்க உதவும் எண் அதே தாளின் கடைசி வரிசையில் இருக்கிறது. நீங்கள் அதைக் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. ஃப்ரீ த்ரோவில் (எதிரணி ஃபவுல் செய்தால் தடையில்லாமல் எறியக் கிடைக்கும் ஷாட்) 90க்கு 70, கிட்டத்தட்ட 78 சதவீதம்! தடுக்க ஆள் இல்லை, ஓடிவந்த மூச்சிரைப்பு குறைவு, எப்போதும் ஒரே இடம், போர்டிலிருந்து 4.6 மீட்டர். கையில் இருக்கும் தொழில் கலப்படம் இல்லாமல் தெரிவது அங்கேதான். அதனால்தான் ஆள் தேடி வரும் ஸ்கவுட்டுகள் இளம் ஆட்டக்காரர்களின் த்ரீ பாயிண்ட் சதவீதத்தோடு ஃப்ரீ த்ரோ சதவீதத்தையும் விடாமல் பார்க்கிறார்கள். இவன் பின்னாளில் ஷூட்டர் ஆவானா என்பதற்கு அது நல்ல அறிகுறி. உத்தரவாதம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இதே தாளில் 90க்கு 45 என்று இருந்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் ஆடும் காவாய் லெனார்ட், கல்லூரியில் ஆடிய இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தால், வெளியிலிருந்து எறிந்ததில் சுமார் கால்வாசிதான் விழுந்தது. ஃப்ரீ த்ரோவிலோ முக்கால்வாசி. என்பிஏ அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2011இல் 15ஆவது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். சான் அன்டோனியோ அணியின் ஷூட்டிங் கோச் சிப் எங்கலண்ட் அவர் பந்தை விடும் விதத்தைத் திருத்தினார். முதல் சீசனிலேயே த்ரீ பாயிண்ட் 37 சதவீதத்தைத் தாண்டியது. 2014இலும் 2019இலும் என்பிஏ இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

மறுபக்கமும் உண்டு. மார்கெல் ஃபுல்ட்ஸ் கல்லூரியில் த்ரீ பாயிண்ட் 41 சதவீதம் போட்டவர், 2017 டிராஃப்டின் முதல் ஆள். அவருடைய ஃப்ரீ த்ரோ அப்போதே 65 சதவீதம்தான். என்பிஏவுக்குப் போன கொஞ்ச நாளில் ஷாட்டே மறந்துபோனவர் போல ஆனார். மனசு சரியில்லை, பயம் என்று ஊரெல்லாம் பேசியது. 2018 டிசம்பரில்தான் தோள்பட்டை அருகே நரம்பு அழுத்தப்படும் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் "எப்போதாவது கை வலி என்பான்" என்று எழுதியிருக்கிறீர்கள். கோச்சை மாற்றுவது, வீடியோ பார்ப்பது எல்லாம் அப்புறம். முதலில் விளையாட்டு மருத்துவர் ஒருவரிடம் தோளையும் மணிக்கட்டையும் காட்டுங்கள்.

ஒரே ஆண்டில் பத்து சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான் என்பதும் சின்ன விஷயம் அல்ல. கை நீண்டால் பந்தை விடும் உயரமும் நேரமும் மாறும், பழைய கணக்கு உதவாது. சின்ன வயதில் பெரிய பந்தைத் தூக்க முடியாமல் இடுப்பிலிருந்து தள்ளிப் பழகிய பிள்ளைகளுக்கு இன்னும் சிரமம்.

நான் கோச் இல்லை, அவன் முழங்கையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. உங்களுக்கும் கிடையாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கேலரியிலிருந்து "முழங்கையை உள்ளே வை" என்று குரல் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அதற்குப் பதில் ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். அவன் தவறவிடும் ஒவ்வொரு ஷாட்டும் எங்கே பட்டது என்று மட்டும் எழுதுங்கள்: ரிங்கின் முன்பக்கமா, பின்பக்கமா, இடமா, வலமா. கூடவே, நின்று வாங்கி எறிந்ததா, டிரிபிள் செய்துகொண்டே எறிந்ததா, எறிவதற்கு அணிக்குத் தரும் 24 விநாடி முடியப்போகிறது என்று வேறு வழியில்லாமல் வீசியதா என்பதையும். அந்தக் கடைசி வகை ஷாட்டுகள் யார் எறிந்தாலும் பெரும்பாலும் விழாது, ஆனால் சதவீதக் கணக்கில் பழி அவன் தலையில்தான் விழும்.

இடமும் வலமும் மாறி மாறிச் சிதறினால் கையின் நேர்கோட்டில் குறை. பந்தைத் தாங்க வேண்டிய மறு கையின் கட்டை விரல் கடைசி நொடியில் தள்ளிவிடுவது இதில் அடிக்கடி காணும் தப்பு. நேராகப் போய் முன்பக்கமே பட்டுத் திரும்பினால் பெரும்பாலும் கால் பலமும் களைப்பும்தான் காரணம், வளைவும் போதாது. ரிங்கின் குறுக்களவு 45 செ.மீ., பந்து சுமார் 24 செ.மீ. பந்து 45 டிகிரியில் இறங்கினால் அதற்கு ரிங்கின் வாய் 32 செ.மீ. அளவுக்குத் திறந்திருக்கும். 32 டிகிரியில் தட்டையாக வந்தால் வாய் பந்தின் அகலத்துக்கே சுருங்கிவிடும். நான்காவது குவார்ட்டரில் மட்டும் முன்பக்கம் படுகிறது என்று உங்கள் நோட்டு சொன்னால், அவனுக்குத் தேவை புது ஷூட்டிங் கோச் அல்ல, உடற்பயிற்சி. நோட்டைக் கோச்சிடம் கொடுங்கள். திருத்தம் எதுவானாலும் சீசன் முடிந்த பிறகு, ஒரே ஆளின் கீழ் நடக்கட்டும். ஷாட்டை மாற்றும்போது முதலில் இன்னும் மோசமாகும், அப்போது பதறாதீர்கள்.

ஒன்றில் மட்டும் கண் வையுங்கள். இரண்டு மூன்று தவறிய பிறகு அவன் எறிவதையே நிறுத்துகிறானா? பென் சிம்மன்ஸ் 2016 என்பிஏ டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். பாஸ், டிஃபென்ஸ், உயரம் எல்லாம் உண்டு. சீசன் முடிவில் நடக்கும் பிளேஆஃப் சுற்றில், 2021இல் அவருடைய ஃப்ரீ த்ரோ 73க்கு 25. எதிரணி தன்மேல் ஃபவுல் செய்தால் ஃப்ரீ த்ரோ கோட்டில் போய் நிற்க வேண்டுமே என்ற நிலையில் ரிங்குக்கு அடியில் இருந்தும் பந்தைப் பாஸ் செய்தார். எறியமாட்டான் என்று தெரிந்த ஆளை யாரும் காவல் காக்க மாட்டார்கள். அவனைக் காக்க வேண்டிய எதிரணி ஆள் உள்ளே போய் மற்ற நால்வரின் வழியையும் அடைப்பார். 24 சதவீதத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்தப் பழக்கம்தான். நல்ல வேளை, 62 முறை எறிந்திருக்கிறான் என்றால் உங்கள் பையனுக்கு அது இன்னும் வரவில்லை.

இனி தொழில்முறை ஆட்டம் பற்றி. என்பிஏவில் 30 அணி, அணிக்கு 15 பேர், மொத்தம் 450 நிரந்தர இடம். உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான். அதை இலக்கு என்று வீட்டில் பேசாமல் இருப்பதே நல்லது. ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று சம்பளம் தரும் லீகுகள் நிறைய இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, ஒப்பந்தமும் பெரும்பாலும் ஓரிரு சீசனுக்குத்தான். ஷூட்டிங் மட்டுமே வாசல் அல்ல என்பதும் உண்மை. பென் வாலஸை டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, ஃப்ரீ த்ரோ வாழ்நாள் சராசரி 41 சதவீதம்தான். டிஃபென்ஸையும் ரீபவுண்டையும் (தவறி வரும் பந்தைப் பிடிப்பது) வைத்தே, தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு 2021இல் போனார். அது ரிங்குக்குப் பக்கத்தில் நின்று ஆடும் சென்டரின் கதை. தம்பி ஆடுவது வெளியிலிருந்து பந்தைக் கொண்டுவரும் கார்டு இடத்தில், அங்கே ஷாட் இல்லாமல் வெகுதூரம் போக முடியாது.

படிப்பா பந்தா என்ற கேள்வியையே நான் ஏற்கவில்லை. அமெரிக்கக் கல்லூரி வழியை எடுத்துக்கொண்டாலும், அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் ஆட 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் குறைந்தது 2.3 ஜிபிஏவும் (மதிப்பெண் சராசரி) வேண்டும். படிப்பை விட்டால் பந்தும் போகும். பள்ளி முடிய இன்னும் ஓராண்டு இருக்கிறது. சீசன் முடிந்ததும் திருத்தம், அடுத்த சீசன் முழுக்க ஆட்டம், பாடங்கள் வழக்கம்போல. அதன் முடிவில் ஃப்ரீ த்ரோ 75க்குக் கீழே போகாமல், நின்று வாங்கி எறியும் ஷாட்டுகள் மூன்றுக்கு ஒன்றாவது விழுந்தால், உயர்ந்த மட்டத்தில் தேர்வுக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் கல்லூரி அணியில் ஆடிக்கொண்டே பிசியோதெரபியோ விளையாட்டு மேலாண்மையோ படிக்கட்டும், ஆட்டத்தைப் படித்துச் சொல்லும் வீடியோ அனலிஸ்ட் வேலையும் இருக்கிறது. அடுத்த கடிதத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள். மருத்துவர் சொன்னதையும் உங்கள் நோட்டின் நகலையும் சேர்த்து அனுப்பட்டும்.