பின்னால் நெருப்புக் கக்கும் கப்பல்

வணக்கம் அண்ணா,

தொலைக்காட்சித் தொடர்களைச் சித்திரக்கதை ஆக்குவது பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். 'மூலத்தை அப்படியே ஒப்புவிக்கிற சித்திரக்கதை எனக்கு வேண்டாம்' என்று அதில் ஒரு வரி. எனக்கு அதில் உடன்பாடில்லை.

என் மகன் தரம் 9இல் படிக்கிறான். ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் என்றால் சரியான பைத்தியம். பழைய தொடர் முழுவதையும் பார்த்து முடித்துவிட்டான். கணக்குக் கொப்பியின் பின்பக்கம் எல்லாம் என்டர்பிரைஸ் கப்பல்தான். ரொறன்ரோவிலிருந்து லீவுக்கு வந்த என் அண்ணர், அறுபதுகளில் வந்த ஸ்டார் ட்ரெக் சித்திரக்கதைகளின் மறுபதிப்பு ஒன்றை அவனுக்கென்று கொண்டுவந்து கொடுத்தார். ஒரே நாளில் வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நிற்கிறான். கப்பலுக்குப் பின்னால் ரொக்கெட் மாதிரி நெருப்பு வருகிறதாம். ஆட்களின் முகம் ஒத்துவரவில்லையாம். முதல் கதையின் முடிவில் ஒரு கிரகத்திலுள்ள உயிர்களை எல்லாம் அழித்துவிட்டுப் போகிறார்களாம். "கப்டன் கேர்க் அப்படிச் செய்யமாட்டார் அம்மா" என்கிறான்.

எனக்கும் அவன் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. ஒரு தொடரின் பெயரைப் போட்டு விற்றால், அது அந்தத் தொடரைப் போல இருக்க வேண்டாமா? இவையெல்லாம் வெறும் வியாபாரம்தானே?

அன்புடன்,
ஒரு வாசகி, உப்புவெளி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

மருமகன் பிடித்த பிழை மூன்றும் சரி. நல்ல கண் அவனுக்கு. அந்தப் பிழைகள் எங்கிருந்து வந்தன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்களோடு சண்டைக்கு வருகிறேன்.

அவன் கையில் இருப்பது கோல்ட் கீ என்ற பெயரில் 1967இல் அமெரிக்காவில் தொடங்கிய வரிசை. தொடக்கத்தில் வரைந்தவர் நேவியோ ஸெக்காரா. அவருக்குப் பின் நீண்டகாலம் வரைந்தவர் அல்பேர்ட்டோ ஜொலிட்டி. இருவரும் இத்தாலியர்கள். அந்தத் தொடர் அப்போது இத்தாலியில் ஓடவே இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த விளம்பரப் புகைப்படங்கள் கொஞ்சத்தை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூடப் பார்த்திராத ஒரு தொடரை வரைந்தார்கள்.

இதன் கஷ்டம் விளங்க வேண்டுமென்றால் மருமகனை ஒருநாள் உட்துறைமுக வீதிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் ஒன்றைக் காட்டி, நமக்குத் தெரியாத மற்றப் பக்கத்தை வரையச் சொல்லுங்கள். ஏதோ ஒன்றை ஊகித்துத்தான் வரைவான். ரோமில் நடந்ததும் அதுதான். விளம்பரப் படத்தில் என்டர்பிரைஸ் அசையாமல் நிற்கிறது. பின்னால் நீளமாக இரண்டு குழாய்கள். எதனால் ஓடுகிறது என்று படத்தில் எழுதியா இருக்கிறது? 1967இல் விண்கலம் என்றால் பின்னால் நெருப்பு. வைத்துவிட்டார்கள்.

முகப் பிரச்சினையைப் பெரிதாக்கியது அட்டைப்படம். ஆரம்ப இதழ்களின் அட்டையில் நடிகர்களின் உண்மையான புகைப்படத்தைப் போட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பிள்ளை அட்டையில் அசல் கேர்க்கைப் பார்த்துவிட்டு உள்ளே புரட்டினால், அங்கே அவருடைய ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒருவர் நிற்கிறார்.

கதை விஷயத்தில் நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. முதல் இதழில் ஆட்களைத் தின்னும் தாவரங்கள் நிறைந்த கிரகம் ஒன்று. அந்த வித்துகள் வேறெங்கும் பரவிவிடக் கூடாது என்று கப்பலிலிருந்து கதிர்களைப் பாய்ச்சி எல்லாவற்றையும் பொசுக்கிவிட்டுக் கிளம்புகிறார்கள். மற்ற உலகங்களின் விஷயத்தில் தலையிடாதே என்பதை விதியாகவே வைத்திருக்கிற தொடர் இது. அதன் பெயரில் இப்படி ஒரு முடிவு. மருமகன் கோபப்பட்டதில் ஒரு பிழையும் இல்லை. இந்தக் கதைகளில் நாலைந்தை ஒரே மூச்சில் வாசித்தால் எனக்கும் அலுத்துவிடும்.

சரி, பிறகு ஏன் இவற்றை வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். நிலக்காட்சிக்காக.

ஜொலிட்டி அதற்கு முன்பே டைனோசர்கள் உலாவுகிற 'டுரோக்' கதைகளைப் பக்கம் பக்கமாக வரைந்தவர். பாறை, காடு, பள்ளத்தாக்கு எல்லாம் அவர் கைக்குப் பழகியவை. தொலைக்காட்சித் தொடரிலோ கிரகம் என்றால் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள் போட்ட செயற்கைப் பாறைகளும் வர்ணம் அடித்த வானமும்தான். வெளியே போனால் லொஸ் ஏஞ்சலிஸ் பக்கமுள்ள வாஸ்குவேஸ் பாறைகள். அவர்களிடம் இருந்த பணம் அவ்வளவுதான். ஜொலிட்டிக்கு மைக்கும் தூரிகைக்கும் மேல் செலவில்லை. கீழே பாதாளம், மேலே இடிந்த நகரம், நடுவே எறும்பளவில் நாலு மனிதர்கள். அந்தக் கட்டத்தில் நான் வெகுநேரம் நின்றுவிடுவேன். அவர் வரைந்த கிரகத்தில் காற்றடிக்கும். தொலைக்காட்சிக் கிரகத்தில் கேர்க்கின் தலைமயிர்கூட அசையாது.

எனக்கு இது முதலில் தாளில் வந்து, பிறகுதான் திரையில் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்சாரமே விருந்தாளி மாதிரி வந்துபோன காலத்தில் திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குப் பல விஷயங்கள் அந்த ஒழுங்கில்தான் வந்தன. கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன இதழ்கள். அதனால் எனக்கு நெருப்புக் கக்கும் கப்பல்தான் அசல். திரையில் பார்த்தபோது 'என்ன, பின்னால் ஒன்றும் வரவில்லையே' என்றுதான் தோன்றியது. இரும்புக்கை மாயாவியை வாசித்தபோது இங்கிலாந்து மூலத்துக்கு அது விசுவாசமாக இருக்கிறதா என்று நம்மில் யார் கேட்டோம்?

வியாபாரமா என்று கேட்டிருந்தீர்கள். வியாபாரம்தான். தொலைக்காட்சித் தொடரும் விளம்பர நேரம் விற்கத்தான் எடுக்கப்பட்டது, அந்தக் கணக்குச் சரிவரவில்லை என்று 79 அத்தியாயங்களோடு 1969இல் நிறுத்தியும் விட்டார்கள். சித்திரக்கதை 1979 வரை 61 இதழ்கள் ஓடியது. நடுவில் கொஞ்சக்காலம் வந்த கார்ட்டூன் தொடரை விட்டால், அந்தப் பத்து ஆண்டுகளும் என்டர்பிரைஸ் புதிய கிரகங்களில் இறங்கியது பெரும்பாலும் தாளில்தான். போகப்போக லென் வைன் போன்ற, தொடரை விரும்பிப் பார்த்தவர்கள் எழுத வந்தார்கள், ஆட்களின் பேச்சும் திருந்தியது. மருமகனிடம் சொல்லுங்கள், பிந்திய இதழ்களில் அவன் கோபம் கொஞ்சம் ஆறும்.

இனிச் சண்டை. 'மூலத்தைப் போல இருக்க வேண்டாமா' என்கிறீர்கள். அப்படி இருந்தே ஆகவேண்டும் என்று பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1984இல் டிசி நிறுவனம் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் வரிசையைப் பார்க்கலாம். எழுத்தும் ஓவியமும் கோல்ட் கீயை விட எவ்வளவோ மேல். மூன்றாவது ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில் கப்பல் அழிந்து, கேர்க்கின் துணை அதிகாரி ஸ்பொக் உயிர்த்தெழுந்து, எல்லாமே கலைந்து கிடக்கிறது. சித்திரக்கதைக்காரர்கள் அங்கிருந்து கதையை நகர்த்தினார்கள். கேர்க்குக்கு வேறொரு கப்பல், ஸ்பொக்குக்குத் தனியாக ஒரு கப்பல் என்று நன்றாகத்தான் போனது. 1986இல் நான்காவது படம் வந்தது. அது மூன்றாவது படம் முடிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. உடனே கொடுத்த கப்பல்களைப் பறித்து, ஸ்பொக்கின் நினைவை மறுபடி குழப்பி, எல்லாரையும் பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதாயிற்று. இதையெல்லாம் ஒட்ட வைக்க எழுத்தாளர் படும் பாட்டை வாசிக்கிறபோது பாவமாக இருக்கும். இரண்டு வருஷம் வாசகன் கூடவே போன பயணம், நடக்கவே இல்லை என்ற மாதிரி முடிந்தது.

எனக்குப் பிடித்த எதிர் உதாரணம் டொக்டர் ஹூ, டொக்டர் என்பவர் காலத்திலும் விண்வெளியிலும் பயணம் போகிற பிபிசி தொடர். அதில் வில்லன்களாக வரும் டாலெக்குகளின் உரிமை வேறு இடத்தில் இருந்ததால், 1965இல் 'டிவி செஞ்சுரி 21' என்ற பிரிட்டிஷ் வாரஇதழ் டாலெக்குகளை மட்டும் வைத்து ஒரு தொடர் போட்டது. டொக்டரே கிடையாது! வில்லன்கள்தான் கதைநாயகர்கள். வாரம் ஒரு பக்கம், முழு வர்ணத்தில், 104 வாரம். அந்தக் காலத்தில் தொலைக்காட்சி கறுப்பு வெள்ளை. பிபிசி எடுத்த முதல் டாலெக் கதைக்குச் செய்த உருவங்கள் நாலே நாலு, கூட்டமாகக் காட்ட வேண்டிய இடத்தில் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பின்னால் நிறுத்திச் சமாளித்தார்கள். தாளிலோ படை படையாகப் பறந்து வருகின்றன, தங்கநிறத்தில் பெரிய உருண்டைத் தலையோடு ஒரு சக்கரவர்த்தியும் உண்டு. உரிமைத் தகராறில் பிறந்தது, மூலத்தின் நாயகனையே தொலைத்துவிட்டு வந்தது, ஆனாலும் இந்த வகையில் வந்த மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்பேன்.

அப்புறம் 1980இல் பாட் மில்ஸும் ஜோன் வாக்னரும் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'தி ஸ்டார் பீஸ்ட்' என்ற டொக்டர் ஹூ சித்திரக்கதை. உருக்காலை உள்ள ஒரு பிரிட்டிஷ் ஊர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவர், அடிபட்டுக் கிடக்கிற ஒரு பஞ்சுப்பொம்மை மாதிரியான வேற்றுக்கிரகப் பிராணியைக் கண்டெடுக்கிறார்கள். பார்த்தால் தூக்கிக் கொஞ்சத் தோன்றும், ஆனால் அது படுபயங்கரக் கொலைகாரன். அந்தப் பிள்ளைகளில் ஷரன் என்ற கறுப்பினச் சிறுமி பிறகு டொக்டரோடு பயணம் போகிறாள். தொலைக்காட்சியில் ஒரு கறுப்பினப் பெண் டொக்டரின் நிரந்தரத் துணையாக வர 2007 ஆகிவிட்டது. 2023 நவம்பரில் பிபிசி இந்தச் சித்திரக்கதையையே எடுத்து, அதே பெயரில், டொக்டர் ஹூவின் சிறப்பு அத்தியாயமாக ஆக்கியது. மூலம் எது, தழுவல் எது என்று இப்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மருமகன் வரைகிற பிள்ளை. புகைப்படத்தை வைத்து அச்சொட்டாக நடிகரின் முகத்தைப் பிரதி பண்ணிய சித்திரக்கதைகள் இப்போது நிறைய வருகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் 'அட, அவரேதான்' என்போம். ஒரு பக்கத்தை வாசித்தால் ஆட்கள் விறைத்துப்போய் நிற்பார்கள், பேசுகிறவர் ஒரு பக்கம், கேட்கிறவரின் பார்வை இன்னொரு பக்கம். திரையில் ஸ்பொக் ஒற்றைப் புருவத்தை உயர்த்தும்போது நமக்குச் சிரிப்பு வருவது, அதற்கு முன் அவர் சும்மா இருக்கிற அந்த அரை நொடியால். தாளில் அந்த அரை நொடி கிடையாது. புருவத்தை எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும் புருவம்தான் கிடைக்கும். வரைகிறவர் அந்த அரை நொடியை வேறுவிதமாகச் செய்ய வேண்டும். முன்னால் ஒரு வெற்றுக் கட்டம் வைக்கலாம், பக்கத்தைத் திருப்புகிற இடத்தில் வைக்கலாம். கேலிச்சித்திரம் மாதிரிக் கொஞ்சம் மிகைப்படுத்தினாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

நம் கோணேசர் மலையடிக் கடலில் 1956இல் முக்குளித்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்குக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அவரும் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கிய '2001' திரைப்படத்தை 1976இல் ஜக் கேர்பி சித்திரக்கதை ஆக்கினார். படம் முக்கால்வாசி நேரம் வாய் திறக்காது. கேர்பியோ கட்டத்துக்குக் கட்டம் விளக்கம் எழுதித் தள்ளிவிட்டார். எரிச்சலாக இருக்கும். ஆனால் விண்வெளியைப் பக்கம் நிறைய அள்ளிக் கொட்டியிருக்கிற வர்ணங்களுக்காக அதையும் மன்னித்துவிட்டேன். தொலைக்காட்சி இல்லை, திரைப்படம்தான், இருந்தாலும் நம்ம ஊர்க் கடலை அறிந்த மனிதர் என்பதால் சேர்த்துக்கொண்டேன்.

ஆகவே மருமகனுக்கு அடுத்து வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் 'தி ஸ்டார் பீஸ்ட்' தொகுப்பைக் கொடுங்கள். ஸ்டார் ட்ரெக்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் டிசி வரிசை பரவாயில்லை, அந்த நான்காவது படத்துச் சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோல்ட் கீயைத் தூக்கிப் போட வேண்டாம். அதிலிருந்து ஒரு கிரகத்தைப் பார்த்து வரையச் சொல்லுங்கள், கப்பலை அவன் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளட்டும். கணக்குக் கொப்பியில் வேண்டாம், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஸ்டார் பீஸ்ட் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. இரவல் தருகிறேன். இந்த ஊரில் இரவல் போன புத்தகங்களில் பாதி இன்னும் திரும்பி வரவில்லை, அதனால் தவணை மூன்று வாரம்.

அன்புடன்,
அண்ணா