கண்டங்களுக்கு இடையே இணையம் எப்படிப் போகிறது, செயற்கைக்கோள் வழியாகவா?

இல்லை, பெரும்பகுதி கடலடிக் கேபிள் வழியாகத்தான். கடலின் தரையில் கிடக்கும் நீளமான குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழைகள், அவற்றுக்குள் நம் தகவல் ஒளித்துடிப்புகளாக ஓடுகிறது. ஆழ்கடலில் இதன் தடிமன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப் அளவுதான், எனக்கு இன்றும் வியப்பு தருவது இதுதான்!

சரி, ஏன் கேபிள்? காரணம் தூரம். பூமியோடு சேர்ந்தே சுற்றி, வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, மேலே போய்க் கீழே வரவே கால் நொடி ஆகிவிடும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. போகும், அதனால் 6,000 கி.மீ. கடலை 0.03 நொடியில் கடந்துவிடும். பக்கத்து அறையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்ல மொட்டை மாடி வரை ஏறி இறங்குவீர்களா, நேராக நடந்து போவீர்களா? அதே கணக்குதான். தாழ்வாகச் சுற்றும் ஸ்டார்லிங்க் போன்ற இணையச் செயற்கைக்கோள்களில் தாமதம் குறைவு, ஆனால் கேபிள் சுமக்கும் அளவுக்குத் தகவலை அவற்றால் சுமக்க முடியாது.

அட்லாண்டிக்கைக் கடந்த முதல் கண்ணாடி இழைக் கேபிள் டாட்-8, 1988-இல் வந்தது.

அப்புறம், சுறா கடிப்பதால்தான் கேபிள்கள் அறுகின்றன என்று பலர் நம்புகிறார்கள், உண்மையில் பெரும்பாலான சேதம் கப்பல் நங்கூரத்தாலும் மீன்பிடி வலைகளாலும் வருவது.